‘டீம் போடுற’ விளையாட்டு பிறந்தது கிரிக்கெட்டில் இல்லை, கோல்ஃபில்... யார் இந்த பில் விங்கன்பாக்?

டாஸுக்குப் பத்து நிமிஷம் இருக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, இவரை எடுக்கலாமா, அவரை கேப்டன் ஆக்கலாமா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் நம்ம ஊரில் பலருக்கும் உண்டு. 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து தடை போட்டது. ட்ரீம்11 போன்ற ஆப்களில் காசு கட்டி ஆடும் போட்டிகள் அதோடு நின்றன. சரி, இந்த ‘டீம் போடுறது’ என்ற யோசனை முதலில் யாருக்கு வந்தது?

கிரிக்கெட் ரசிகருக்கு இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில், ஓக்லண்ட் நகரத்தில் இருந்த ஒரு தொழிலதிபருக்கு. அவர் முதலில் டீம் போட்டது கோல்ஃப் வீரர்களை வைத்து. பெயர் வில்ஃப்ரெட் விங்கன்பாக். எல்லோருக்கும் பில் விங்கன்பாக். இன்று கோடிக்கணக்கான டாலர் புரளும் ஃபேன்டசி விளையாட்டுத் தொழிலின் வேர்களைத் தேடிப் போனால், கதை இவரிடம்தான் போய் நிற்கும்.

ஏன் கோல்ஃப்?

1950களின் பிற்பகுதி. தொலைக்காட்சியில் விளையாட்டு அப்போதுதான் மெல்ல இடம்பிடித்துக்கொண்டிருந்தது. கோல்ஃப் போட்டி எங்கோ ஒரு ஊரில் நான்கு சுற்றுகள் நடக்கும். ஸ்கோர் மறுநாள் காலை பேப்பரில் வரும். நேரில் போய்ப் பார்க்காதவர்களுக்கு அது வெறும் எண்களின் பட்டியல்தான்.

அந்தப் பட்டியலை வைத்தே ஒரு விளையாட்டு ஆடலாம் என்பது விங்கன்பாக்கின் யோசனை. நண்பர்கள் ஒவ்வொருவரும் சில தொழில்முறை கோல்ஃப் வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஓர் அணி வைத்துக்கொள்ள வேண்டும். போட்டி முடிந்ததும் அந்த வீரர்கள் அடித்த மொத்த அடிகளைக் கூட்ட வேண்டும். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ, அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் விதி.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. குறைவான அடிகளில் முடிப்பவர் முன்னிலையில் இருப்பார். பெரிய போட்டிகளில் நான்கு சுற்று, மொத்தம் 72 குழிகள். ஒருவரின் நான்கு சுற்று ஆட்டமும் கடைசியில் ஒரே ஓர் எண்ணாகச் சுருங்கிவிடும்: 280, 284, 291 என்று.

இந்த யோசனை கோல்ஃபில் முதலில் வேலை செய்ததற்குக் காரணமே இதுதான். கிரிக்கெட்டில் ஒரு பவுலர் எத்தனை விக்கெட் எடுக்கிறார் என்பது கேட்ச் பிடிக்கும் ஆளையும் பொறுத்தது. அமெரிக்க ஃபுட்பாலில் பந்து எறிபவரும் பிடிப்பவரும் சேர்ந்தால்தான் புள்ளி. கோல்ஃபில் அந்தச் சிக்கல் கிடையாது. ஒருவர் அடித்தது அவர் கணக்கில் மட்டும். பேப்பரும் பென்சிலும் போதும், கணக்கு சரியாக வந்துவிடும்.

சாம்பியன் கையில் இருந்தும் தோற்கலாம்

விதி எளிமையாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு திருப்பம் இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

இரண்டு நண்பர்கள். ஆளுக்கு நான்கு வீரர்கள். முதல் நண்பர் எடுத்த நான்கு பேர் 276, 290, 292, 295 அடிகளில் முடிக்கிறார்கள். 276 அடித்தவர்தான் போட்டியின் சாம்பியன். கூட்டினால் 1,153. இரண்டாவது நண்பரின் ஆட்கள் 280, 284, 288, 291. கூட்டினால் 1,143. சாம்பியன் யார் என்று சரியாகக் கணித்தவர் 10 அடி வித்தியாசத்தில் தோற்கிறார்.

வழக்கமான பந்தயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பந்தயத்தில், யார் ஜெயிப்பார் என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேவை. இங்கே முதலிடம் பிடிப்பவரைத் தெரிந்தால் மட்டும் போதாது. 20-வது, 30-வது இடங்களில் முடிக்கிற ஆட்களையும் தெரிந்திருக்க வேண்டும். யார் ஒழுங்காக ஆடுகிறார், யார் ஒரு சுற்று நன்றாக ஆடி மறு சுற்றில் சொதப்புகிறார் என்பதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை கண்ணிலேயே படாத பெயர்களைப் பேப்பரில் தேட ஆரம்பிப்பார்கள்.

பெயரா, ஃபார்மா?

பெயரைப் பார்த்து ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஓக்லண்டுக்கு எதிர்க்கரையிலேயே ஒரு பாடம் நடந்திருந்தது. 1955-ல் யு.எஸ். ஓப்பன் போட்டி சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பில் நடந்தது. ஐந்தாவது முறை பட்டம் வெல்ல வந்திருந்தார் பென் ஹோகன். அந்தக் காலத்தில் அவர் பெயரைத் தவிர்த்து யாரும் பட்டியல் போட முடியாது. எதிரே, அயோவா மாகாணத்தின் டேவன்போர்ட்டில் நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்த ஜாக் ஃபிளெக். இருவரும் 287-ல் சமன். மறுநாள் நடந்த பிளே ஆஃபில் ஃபிளெக் 69, ஹோகன் 72. கோப்பை ஃபிளெக் கைக்குப் போனது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1960 யு.எஸ். ஓப்பனில் இன்னொரு பாடம். டென்வர் அருகே செர்ரி ஹில்ஸ் மைதானம். கடைசிச் சுற்று தொடங்கும்போது அர்னால்ட் பால்மர் முன்னிலை வீரரைவிட 7 அடி பின்தங்கி இருந்தார். அந்தச் சுற்றை 65-ல் முடித்து, மொத்தம் 280 அடிகளில் பட்டம் வென்றார். கடைசிப் பந்து குழியில் விழும்வரை எந்தக் கணக்கும் முடிந்த கணக்கு இல்லை என்பதை ரசிகர்கள் அன்று பார்த்தார்கள்.

கல்கத்தா ஏலத்திலிருந்து என்ன வித்தியாசம்?

கோல்ஃபில் காசு வைத்து ஆடுவது விங்கன்பாக்குக்கு முன்பே இருந்தது. அதில் பிரபலமானதற்கு நம்ம நாட்டு நகரத்தின் பெயர்: ‘கல்கத்தா’. போட்டிக்கு முன்பு வீரர்களை ஏலம் விடுவார்கள். அதிகத் தொகை கேட்டவருக்கு அந்த வீரர் ‘சொந்தம்’. ஏலத் தொகை எல்லாம் ஒரே பானையில் சேரும். ஜெயித்த வீரரை வைத்திருப்பவர் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார்.

பணம் பெருகியதும் ஏமாற்றும் கூடவே வந்தது. 1955-ல் நியூயார்க் அருகே டீப்டேல் கிளப்பில் நடந்த அமெச்சூர் போட்டியில், திறமையைக் குறைத்துக் காட்டிய பொய்யான ஹேண்டிகேப்புடன் ஆடியவர்கள் பெரும் ஏலத் தொகை வென்றது வெளியே தெரிந்து ஊரே நாறியது. கோல்ஃப் அமைப்புகள் இத்தகைய ஏலங்களுக்கு எதிராகத் திரும்பின.

கல்கத்தாவில் யார் பணக்காரரோ அவருக்குத்தான் நல்ல வீரர் கிடைப்பார். விங்கன்பாக்கின் விளையாட்டில் விஷயம் தெரிந்தவருக்கு நல்ல அணி அமையும். காசு அதில் ஊறுகாய் மாதிரி. சாப்பாடு, ஆட்டத்தைக் கவனிப்பதுதான்.

13 தோல்விகளும் ஒரு மழை இரவும்

கோல்ஃபுக்குப் பிறகு பேஸ்பாலிலும் இதே பாணியைப் போட்டுப் பார்த்தார் விங்கன்பாக். ஆனால் அவர் பெயர் நிலைத்தது அமெரிக்க ஃபுட்பாலில்.

1960-ல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற புதிய தொடர் எட்டு அணிகளோடு தொடங்கியது. அதில் ஒன்று ஓக்லண்ட் ரைடர்ஸ். அந்த அணியில் விங்கன்பாக் ஒரு சிறு பங்குதாரர். 1961-ல் 14 ஆட்டங்களில் ரைடர்ஸ் ஜெயித்தது 2. 1962-ல் நிலைமை இன்னும் மோசம். முதல் 13 ஆட்டங்களிலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில்தான் ஒரே ஒரு வெற்றி.

அந்த 1962 சீசனில் அணி கிழக்குக் கடற்கரைப் பக்கம் நீண்ட சுற்றுப்பயணம் போனது. விங்கன்பாக்கும் கூடவே போனார். ஒரு மழை இரவில் நியூயார்க் ஹோட்டலில் மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள்: விங்கன்பாக், ரைடர்ஸின் மக்கள் தொடர்பு அதிகாரி பில் டன்னல், ஓக்லண்ட் ட்ரிப்யூன் நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங். கோல்ஃபில் செய்ததை ஃபுட்பாலில் எப்படிச் செய்வது என்று அங்கேதான் விதிகள் உருவாயின. ஊர் திரும்பியதும் ட்ரிப்யூனின் விளையாட்டு ஆசிரியர் ஜார்ஜ் ராஸும் சேர்ந்துகொண்டார்.

தன் அணி தோற்றுக்கொண்டே இருக்கும்போது ஒரு ரசிகன் எதைப் பார்ப்பான்? ஃபேன்டசி அந்தக் கேள்விக்கு ஒரு வழி காட்டியது. ரைடர்ஸ் தோற்றாலும், வேறு ஊரில் ஆடும் ஒரு வீரர் நம்ம பட்டியலில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீணாகாது.

எட்டுப் பேர், சில்லறைக் காசு, ஒரு முட்டாள் தொப்பி

1963 ஆகஸ்டில் ஓக்லண்டில் விங்கன்பாக்கின் வீட்டில் முதல் ‘டிராஃப்ட்’ நடந்தது. லீக்கின் பெயரே நகைச்சுவைதான்: கிரேட்டர் ஓக்லண்ட் புரொஃபஷனல் பிக்ஸ்கின் ப்ராக்னாஸ்டிகேட்டர்ஸ் லீக். தமிழில் சொன்னால், ஓக்லண்ட் வட்டாரத் தொழில்முறைத் தோல்பந்து ஜோசியர்கள் சங்கம் மாதிரி!

எட்டு அணிகள். யார் வேண்டுமானாலும் சேர்ந்துவிட முடியாது. லீக்கோடு தொடர்புடைய நிர்வாகியாக இருக்க வேண்டும், அல்லது ஃபுட்பால் செய்தி எழுதும் பத்திரிகையாளராக இருக்க வேண்டும், அல்லது ரைடர்ஸின் 1963 சீசன் டிக்கெட் பத்தாவது வாங்கியோ விற்றோ இருக்க வேண்டும். தோற்கிற அணிக்கு டிக்கெட் விற்க இது ஒரு வழியாகவும் ஆனது.

ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. அதனால் யார் முதலில், யார் பிறகு என்பது பெரிய விஷயம். முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஹூஸ்டன் அணியின் ஜார்ஜ் பிளாண்டா. பந்தை எறிபவரும் அவரே, உதைத்துப் புள்ளி எடுப்பவரும் அவரே என்பதால் இரண்டு வழியில் லாபம். ஆனால் அந்த ஆண்டு கிளீவ்லாண்டின் ஜிம் பிரவுன் 1,863 யார்டுகள் ஓடி அன்றைய சாதனையை உடைத்தார். ஃபேன்டசி வரலாற்றின் முதல் தேர்வே ‘அய்யோ, அவரை எடுத்திருக்கலாமே’ என்று ஆனது.

பணம் உண்டு, ஆனால் ஒரு டச்டவுனுக்கு இவ்வளவு என்று சென்ட் கணக்கில்தான். தோற்றவருக்கான பெரிய தண்டனை வேறு. கடைசி இடம் பிடித்தவருக்கு, முட்டாள் தொப்பி போட்ட மரப்பந்து முகத்தைக் கோப்பையாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருபவர் கண்ணில் படும்படி அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து ஊருக்கு

எட்டுப் பேர் ஆட்டம் அப்படியே நின்றிருக்கலாம். அந்த எட்டு அணிகளில் ஒன்றோடு இருந்தவர் ஆண்டி மௌசலிமாஸ். அவர் ஓக்லண்டில் ‘கிங்ஸ் எக்ஸ்’ என்ற மதுக்கூடம் நடத்தினார். 1969-ல் தன் வாடிக்கையாளர்களுக்கு இந்த விளையாட்டைத் திறந்துவிட்டார். அங்கிருந்து வாய்வழியாகவே பரவியது.

பேஸ்பால் பக்கம் இன்னொரு கிளை தனியாக வளர்ந்தது. 1960-ல் சமூகவியலாளர் வில்லியம் கேம்சன் ஹார்வர்டில் நண்பர்களோடு ஒரு பேஸ்பால் விளையாட்டைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக 1980-ல் எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட் குழு நியூயார்க்கில் ‘ரொட்டிசரி’ லீக் ஆரம்பித்தது. இரண்டு கிளைகளும் சேர்ந்துதான் இன்றைய ஃபேன்டசி உலகம்.

விங்கன்பாக் 1993-ல் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் வேர்ல்டு வைடு வெப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று செர்ன் ஆய்வகம் அறிவித்தது. பேப்பரும் பென்சிலுமாக அவர் தொடங்கிய கணக்கை நொடியில் போட்டுத் தரும் கருவி உலகத்தின் கைக்கு வந்தபோது, அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று கோல்ஃப் டீம் எப்படிப் போடுகிறார்கள்?

அமெரிக்காவில் இன்று பிரபலமான முறை, பட்ஜெட் முறை. 50,000 டாலர் கற்பனைப் பணம் கொடுப்பார்கள். அதற்குள் 6 கோல்ஃப் வீரர்களை எடுக்க வேண்டும். நட்சத்திர வீரருக்கு 11,000 கொடுத்துவிட்டால், மீதி 5 பேருக்குச் சராசரியாக ஆளுக்கு 7,800தான் மிஞ்சும். விங்கன்பாக் விதியில் இருந்த அதே சிக்கல்தான்: ஒரு சாம்பியன் மட்டும் காப்பாற்ற மாட்டார். தேர்ந்தவர்கள் பார்ப்பது பொதுவாக நான்கு விஷயங்கள்.

முதலாவது, ‘கட்’. பி.ஜி.ஏ. டூரின் வழக்கமான போட்டிகளில் இரண்டு நாள் முடிந்ததும் முதல் 65 இடங்களும் அதே ஸ்கோரில் சமனாக இருப்பவர்களும் மட்டும்தான் வார இறுதியில் ஆடுவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆறில் இரண்டு பேர் கட்டில் போய்விட்டால் சனி, ஞாயிறு நான்கு பேரை வைத்துத்தான் ஓட்டணும்.

இரண்டாவது, எதில் திறமை? கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய ‘ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்’ முறை, ஒவ்வொரு அடியையும் சராசரி வீரரின் அடியோடு ஒப்பிடுகிறது. குழிக்கு அருகே பந்தை உருட்டும் ‘பட்டிங்’ வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். தூரத்திலிருந்து பந்தைக் குழிப் பக்கம் கொண்டுவரும் திறமை அதைவிட நிலையானது. போன வாரம் பட்டிங் கைகொடுத்ததால் மட்டும் ஜெயித்தவரை இந்த வாரம் நம்பி எடுப்பது ரிஸ்க்.

மூன்றாவது, நேரமும் காற்றும். பாதிப் பேர் வியாழன் காலையும் வெள்ளி மதியமும் ஆடுவார்கள். மீதிப் பேருக்கு அது தலைகீழ். வியாழன் மதியம் பலத்த காற்று வீசினால், ஒரு பிரிவே ஒன்றிரண்டு அடிகளைச் சும்மா இழக்கும்.

நான்காவது, மலிவு விலை ஆள். 2023 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில், கலிஃபோர்னியாவில் ஒரு கிளப்பில் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் மைக்கேல் பிளாக், கடைசி நாளில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டு 15-வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 68 ஆண்டுகளுக்கு முன்பு ஜாக் ஃபிளெக் சொன்ன அதே பாடம். இப்படிப்பட்ட பெயர்களைத் தேடிப் படிப்பதில்தான் இந்த விளையாட்டின் ருசி இருக்கிறது.

எதிரே யார்?

ஆட்டம் அதேதான். ஆனால் சுற்றி இருப்பது மாறிவிட்டது. அமெரிக்காவில் 2006-ல் வந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ஃபேன்டசிக்கு விலக்கு கொடுத்தது. அந்தச் சந்து வழியாகத்தான் 2009-ல் ஃபேன்டூவல், 2012-ல் டிராஃப்ட்கிங்ஸ் என்று நிறுவனங்கள் வந்தன. சீசன் முழுக்க ஆடியது, ஒரு நாளில், ஒரு வாரத்தில் முடிகிற போட்டியாகச் சுருங்கியது. 2015 நவம்பரில் இது சூதாட்டம் என்று சொல்லி நிறுத்த உத்தரவிட்டார் நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரல். அடுத்த ஆண்டே அந்த மாகாணம் சட்டம் போட்டு அனுமதித்தது.

இந்தியாவிலும் இதே கேள்விதான் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் சுற்றியது: இது திறமையா, அதிர்ஷ்டமா? 2025 சட்டம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடினால் தடை.

திறமையா, அதிர்ஷ்டமா என்று பார்த்தால் விங்கன்பாக்கின் ஆட்டத்தில் இரண்டுமே இருந்தது. ஹோகனை எடுத்துத் தோற்பதும் திறமைக் குறைவு இல்லை, ஃபிளெக்கை எடுத்து ஜெயிப்பதும் முழுத் திறமை இல்லை. அவர் வீட்டில் இருந்தது வேறு ஒரு பாதுகாப்பு. தோற்றவர் யாரிடம் தோற்றோம் என்று அறிந்திருந்தார். ஜெயித்தவர், எதிரே இருப்பவரால் எவ்வளவு இழக்க முடியும் என்பதை அறிந்திருந்தார். பந்தயம் சில்லறையைத் தாண்டாமல் இருந்ததற்கு எந்தச் சட்டமும் காரணம் இல்லை; மறுநாளும் அதே ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும் என்பதுதான் காரணம்.

ஆயிரக்கணக்கான முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது அந்த வேலி தானாகவே விழுந்துவிடுகிறது. நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து இன்னொரு முறை காசு கட்டுகிறவரைத் தடுக்க, எதிரே யாரும் இல்லை.

காசு கட்டும் ஆப்கள் போனாலும், விங்கன்பாக்கின் விளையாட்டு எங்கும் போய்விடவில்லை. அடுத்த பெரிய கோல்ஃப் போட்டி வரும்போது நான்கைந்து நண்பர்கள், ஆளுக்கு நான்கு பெயர், ஒரு தாள், ஒரு பென்சில். ஞாயிறு முடிந்ததும் கூட்டிப் பார்த்தால் போதும். கடைசியில் வருபவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்கலாம்.